சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ (கூடைப்பந்துக் கழகம்)

சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோ என்பது ரஷ்யாவின் தலைநகர் மாஸ்கோவைச் சேர்ந்த தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம் ஆகும். சோவியத் ஒன்றியத்தின் செஞ்சேனை விளையாட்டு அமைப்பின் ஒரு பிரிவாக 1920களில் தோன்றிய இக்கழகம், ஐரோப்பியக் கூடைப்பந்து வரலாற்றில் மிகுந்த வெற்றி பெற்ற கழகங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சோவியத் ஒன்றிய வாகைப் பட்டத்தை 24 முறையும், ஐரோப்பியக் கழகங்களுக்கான முதன்மைக் கோப்பையை (இன்றைய யூரோலீக்) 8 முறையும் இது வென்றுள்ளது. ஐரோப்பியக் கோப்பைகளின் எண்ணிக்கையில் ஸ்பெயினின் ரியால் மாட்ரிட் கழகத்திற்கு அடுத்த இடம் இதனுடையது.

செர்கேய் பெலோவ், விளாடிமிர் ஆந்திரேயெவ், இவான் எதெஷ்கோ, விளாடிமிர் த்கச்சென்கோ, ஆந்திரேய் கிரிலென்கோ, தியோடோரஸ் பப்பலூக்காஸ், மிலோஷ் தெயொடோசிச், நாண்டோ தெ கோலோ ஆகியோர் இக்கழகத்திற்காக ஆடிய புகழ்பெற்ற வீரர்களுள் சிலர். 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து ரஷ்யக் கழகங்கள் யூரோலீக்கிலிருந்து விலக்கப்பட்டன. அதன் பின்னர் இக்கழகம் வி.டி.பி. ஐக்கிய லீக் போட்டித் தொடரில் ஆடி வருகிறது.

பெயர்

சி.எஸ்.கே.ஏ. என்பது "இராணுவத்தின் மைய விளையாட்டுக் கழகம்" என்னும் பொருள் தரும் ரஷ்யத் தொடரின் முதலெழுத்துச் சுருக்கம் ஆகும். ரஷ்ய மொழியில் இது "த்ஸெ-எஸ்-கா" என ஒலிக்கப்படுகிறது. இதே பெயரில் காற்பந்து, பனி வளைதடிப் பந்தாட்டம், கைப்பந்து முதலிய பிற விளையாட்டுகளுக்கும் தனித்தனிக் கழகங்கள் உள்ளன. அவை ஒரே இராணுவ விளையாட்டு அமைப்பில் தோன்றியவை ஆயினும், இன்று தனித்தனி நிருவாகங்களின் கீழ் இயங்குகின்றன.

அரசியல் மாற்றங்களுக்கேற்ப அமைப்பின் பெயரும் மாறி வந்துள்ளது. 1928 முதல் இது "செஞ்சேனையின் மைய இல்லம்" என்னும் பொருளில் சி.டி.கே.ஏ. என அழைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் செஞ்சேனை, சோவியத் இராணுவம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதையொட்டி 1950களில் கழகம் சி.டி.எஸ்.ஏ. என்றும், பின்னர் பாதுகாப்பு அமைச்சகத்தின் கழகம் என்னும் பொருளில் சி.எஸ்.கே. எம்.ஓ. என்றும் வழங்கப்பட்டது. 1960இல் இன்றைய பெயர் நிலைபெற்றது.

தொடக்க காலம்

பேரரசர் காலத்தில் மாஸ்கோவில் இயங்கிய பனிச்சறுக்கு ஆர்வலர் சங்கம் ஒன்றின் திடலும் வசதிகளும் புரட்சிக்குப் பின் இராணுவப் பயிற்சி அமைப்பின் கைக்கு வந்தன. ஏப்ரல் 29, 1923 அன்று அவ்விடத்தில் இராணுவ விளையாட்டு அமைப்பு முறைப்படி தொடங்கப்பட்டது. அந்நாளே சி.எஸ்.கே.ஏ.வின் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. கூடைப்பந்துப் பிரிவும் அதே காலப்பகுதியில் தோன்றியது.

முதல் சோவியத் வாகைப் பட்டம் 1945இல், போர் முடிவுற்ற ஆண்டில், கிடைத்தது. எனினும் அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சோவியத் கூடைப்பந்தின் வலிமை மாஸ்கோவை விடப் பிற குடியரசுகளில் குவிந்திருந்தது. ஜார்ஜியாவின் டைனமோ திபிலீசி, லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் கவுனஸ், லாத்வியாவின் இராணுவ அணியான ஏ.எஸ்.கே. ரீகா ஆகியவை முன்னணியில் இருந்தன. ஏ.எஸ்.கே. ரீகா அணிக்கு அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி என்னும் இளைஞர் பயிற்சியாளராக இருந்தார். 1958இல் தொடங்கிய ஐரோப்பிய வாகையாளர் கோப்பையின் முதல் மூன்று பட்டங்களையும் அவரது அணியே வென்றது.

சோவியத் காலம்

இராணுவக் கழகத்தின் அமைப்பு

சோவியத் ஒன்றியத்தில் தொழில்முறை விளையாட்டு என ஒன்று சட்டப்படி இருக்கவில்லை. வீரர்கள் அனைவரும் ஏதேனும் ஓர் அமைப்பில் பணியாற்றுவோராகவோ மாணவராகவோ பதிவு செய்யப்பட்டிருந்தனர். டைனமோ கழகங்கள் உள்துறை, பாதுகாப்புத் துறைகளைச் சார்ந்தவை. ஸ்பார்ட்டாக் கழகங்கள் தொழிற்சங்கங்களைச் சார்ந்தவை. புரெவெஸ்த்னிக் என்பது மாணவர் அமைப்பு. சி.எஸ்.கே.ஏ. வீரர்கள் இராணுவத்தினராகக் கணக்கிடப்பட்டு, இராணுவப் பதவியும் ஊதியமும் பெற்றனர்.

கட்டாய இராணுவப் பணி நடைமுறையில் இருந்தமையால், எந்தக் குடியரசைச் சேர்ந்த இளம் வீரரையும் பணிக்கு அழைத்து மாஸ்கோ அணியில் சேர்க்கும் வாய்ப்பு இக்கழகத்திற்கு இருந்தது. எஸ்தோனியரான யாக் லிப்சோ, பெலருசில் பிறந்த இவான் எதெஷ்கோ, உஸ்பெக்கிஸ்தானில் பிறந்த கசாக்கியரான அல்ஜான் ஜர்முகமேதொவ், ஆர்மேனியரான அர்மெனாக் அலாச்சாச்சியான் எனப் பல தேசிய இனங்களைச் சேர்ந்தோர் ஒரே அணியில் ஆடினர். இதனால் அணி வலுப்பெற்றது. அதே வேளையில், தம் ஊரில் வளர்ந்த வீரர்களை மாஸ்கோ எடுத்துக்கொள்கிறது என்ற மனக்குறை பிற நகரங்களில் நிலவியது. இக்கழகத்தின் மீது பலர் கொண்டிருந்த மதிப்பிற்கும் வெறுப்பிற்கும் இவ்வமைப்பே பொதுவான காரணமாக அமைந்தது.

1960 முதல் 1984 வரையிலான 25 ஆண்டுகளில் இக்கழகம் 21 முறை சோவியத் வாகைப் பட்டத்தை வென்றது. இவற்றுள் 1976 முதல் 1984 வரையிலான ஒன்பது பட்டங்கள் தொடர்ச்சியானவை. 1975ஆம் ஆண்டின் பட்டத்தை விளாடிமிர் கொந்த்ராஷினின் பயிற்சியில் ஆடிய ஸ்பார்ட்டாக் லெனின்கிராத் வென்றிருக்காவிடில், 1969 முதல் பதினாறு ஆண்டுகள் பட்டம் மாஸ்கோவை விட்டு நீங்கியிராது.

ஐரோப்பிய வாகையாளர் கோப்பை

1961இல் கோப்பையின் இறுதிப்போட்டி இரு சோவியத் இராணுவ அணிகளுக்கு இடையே நடைபெற்றது. கோமெல்ஸ்கியின் ஏ.எஸ்.கே. ரீகா அணியை, யெவ்கேனி அலெக்செயெவ் பயிற்சியளித்த மாஸ்கோ அணி இரு ஆட்டங்களின் கூட்டுப் புள்ளி அடிப்படையில் 148–128 என வென்று முதன்முறையாக ஐரோப்பிய வாகையாளர் ஆனது. முதல் ஆட்டத்தில் 61–66 எனத் தோற்ற அணி, இரண்டாவது ஆட்டத்தை 87–62 என வென்றது.

1963இன் இறுதிப்போட்டி ரியால் மாட்ரிட் கழகத்துடன் நடைபெற்றது. மாட்ரிட்டில் நடந்த முதல் ஆட்டத்தை ரியால் 86–69 என வென்றது. மாஸ்கோவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தை சி.எஸ்.கே.ஏ. 91–74 என வென்றது. இரு ஆட்டங்களின் வேறுபாடும் 17 புள்ளிகளே என்பதால் கூட்டுப் புள்ளி 160–160 எனச் சமமானது. எனவே மூன்றாவது ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. மாஸ்கோவில் நடந்த அவ்வாட்டத்தை சி.எஸ்.கே.ஏ. 99–80 என வென்றது. இடையில் 1962ஆம் ஆண்டுக் கோப்பையை டைனமோ திபிலீசி வென்றிருந்தமையால், 1958 முதல் 1963 வரை ஆறு கோப்பைகளும் சோவியத் கழகங்களுக்கே சென்றன. 1965 இறுதிப்போட்டியில் ரியால் மாட்ரிட் பழிதீர்த்துக்கொண்டது.

ஏப்ரல் 1969இல் ஸ்பெயினின் பார்சலோனா நகரில் இவ்விரு கழகங்களும் மீண்டும் இறுதிப்போட்டியில் சந்தித்தன. இரண்டு கூடுதல் நேரங்கள் வரை நீடித்த அவ்வாட்டம் 103–99 என சி.எஸ்.கே.ஏ.வின் வெற்றியில் முடிந்தது. 2.15 மீட்டர் உயரம் கொண்ட நடு நிலை ஆட்டக்காரர் விளாடிமிர் ஆந்திரேயெவ் 37 புள்ளிகள் எடுத்தார். அணியின் பயிற்சியாளராக இருந்த அலாச்சாச்சியான், 1961, 1963 கோப்பைகளை வீரராக வென்றவர்.

அடுத்த சில ஆண்டுகள் இத்தாலியின் இக்னிஸ் வரேசே கழகத்துடனான போட்டியாக அமைந்தன. 1970இல் சராயேவோவில் நடந்த இறுதிப்போட்டியில் வரேசே 79–74 என வென்றது. 1971இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் சி.எஸ்.கே.ஏ. 67–53 என வென்றது. இதற்குள் ரீகாவிலிருந்து மாஸ்கோவிற்கு வந்திருந்த கோமெல்ஸ்கி அணியின் பயிற்சியாளராக இருந்தார். ஆயினும் நாட்டை விட்டு வெளியே செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த இறுதிப்போட்டியில் செர்கேய் பெலோவ் வீரராகவும் பயிற்சியாளராகவும் ஒருசேரச் செயல்பட்டார். 1973இல் லீயேஜ் நகரில் நடந்த இறுதிப்போட்டியில் வரேசே 71–66 என வென்றது. அதன் பின் சி.எஸ்.கே.ஏ. மற்றோர் ஐரோப்பிய இறுதிப்போட்டியை எட்ட 33 ஆண்டுகள் பிடித்தன.

மியூனிக் 1972

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் ஆண்கள் கூடைப்பந்து இறுதிப்போட்டி விளையாட்டு வரலாற்றில் மிகவும் விவாதிக்கப்பட்ட ஆட்டங்களுள் ஒன்று. கடைசி மூன்று வினாடிகள் மீண்டும் மீண்டும் ஆடப்பட்டு, சோவியத் ஒன்றியம் ஐக்கிய அமெரிக்காவை 51–50 என வென்றது. அமெரிக்க வீரர்கள் முடிவை ஏற்காமல் வெள்ளிப் பதக்கங்களைப் பெற மறுத்துவிட்டனர். இவ்வாட்டத்தில் சி.எஸ்.கே.ஏ. வீரர்களின் பங்கு பெரியது. செர்கேய் பெலோவ் 20 புள்ளிகள் எடுத்தார். இறுதி வினாடிகளில் திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பந்தை எறிந்தவர் இவான் எதெஷ்கோ. அதைப் பிடித்து வெற்றிப் புள்ளியை எடுத்த அலெக்சாண்டர் பெலோவ், ஸ்பார்ட்டாக் லெனின்கிராத் கழகத்தைச் சேர்ந்தவர். ஒரே குடும்பப் பெயர் கொண்ட இவ்விரு பெலோவ்களும் உறவினர் அல்லர்.

ஜல்கிரிஸ் கவுனசுடனான போட்டி

1980களின் நடுப்பகுதியில் சி.எஸ்.கே.ஏ.வின் ஆதிக்கத்தை லித்துவேனியாவின் ஜல்கிரிஸ் கவுனஸ் முறியடித்தது. அர்விதாஸ் சபோனிஸ், ரிமாஸ் குர்தினைத்திஸ், வால்தெமாரஸ் ஹோமிச்சியுஸ் முதலியோரைக் கொண்ட அவ்வணி 1985, 1986, 1987 ஆகிய மூன்று ஆண்டுகளும் சோவியத் வாகைப் பட்டத்தை வென்றது. 1410இல் லித்துவேனியரும் போலந்தியரும் தியூத்தோனிய வீரர் அமைப்பைத் தோற்கடித்த போரின் லித்துவேனியப் பெயரே ஜல்கிரிஸ் என்பதாகும். தலைநகரின் இராணுவ அணியைக் கவுனஸ் அணி வெல்வது லித்துவேனிய மக்களுக்கு ஒரு விளையாட்டு வெற்றி மட்டுமாக இருக்கவில்லை. அரசியல் மேடையில் பேச இயலாதவற்றை அவர்கள் அரங்கின் ஆரவாரத்தில் வெளிப்படுத்தினர்.

1988இல் கோமெல்ஸ்கியின் பயிற்சியில் சி.எஸ்.கே.ஏ. பட்டத்தை மீட்டது. அதே ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் கோமெல்ஸ்கியின் கீழ் தங்கம் வென்ற சோவியத் அணியில், கழக ஆட்டங்களில் எதிரெதிரே நின்ற லித்துவேனியரும் ரஷ்யரும் இணைந்து ஆடினர். 1990இல் சி.எஸ்.கே.ஏ. தனது 24ஆவது சோவியத் பட்டத்தைப் பெற்றது. 1991ஆம் ஆண்டின் கடைசிச் சோவியத் வாகைப் பட்டம் எஸ்தோனியாவின் கலேவ் தாலின் கழகத்திற்குச் சென்றது.

சோவியத் சிதைவுக்குப் பின்

சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது கழகத்தின் அடித்தளமும் ஆட்டம் கண்டது. பிற குடியரசுகளின் வீரர்கள் வெளிநாட்டவர் ஆயினர். தேர்ந்த ரஷ்ய வீரர்கள் மேற்கு ஐரோப்பிய ஊதியத்தை நாடிச் சென்றனர். இராணுவத்திடம் முன்போல் நிதி இருக்கவில்லை. இந்நிலையிலும், முன்னாள் வீரரான ஸ்தனிஸ்லாவ் யெர்யோமின் 1992 முதல் 2000 வரை பயிற்சியாளராக இருந்து அணியைக் காத்தார். 1992 முதல் 2000 வரை ஒன்பது ரஷ்ய வாகைப் பட்டங்களும் தொடர்ச்சியாக சி.எஸ்.கே.ஏ.விற்கே கிடைத்தன.

1995இல் ஐரோப்பியக் காலிறுதியில் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் கழகத்துடன் சி.எஸ்.கே.ஏ. மோதியது. மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டத்தை வென்ற அணி, கிரேக்கத்தில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் தோற்றது. முடிவை நிர்ணயிக்கும் மூன்றாவது ஆட்டத்திற்கு முன் வீரர்கள் பலர் திடீரென நோயுற்றனர். ஐந்து வீரர்களுடன் மட்டுமே களமிறங்கிய அணி தோல்வியுற்றது. அடுத்த ஆண்டு, 1996இல், பாரிசில் நடந்த இறுதி நான்கு சுற்றை எட்டி, மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் ரியால் மாட்ரிட் கழகத்தை 74–73 என வென்றது. சோவியத் காலத்திற்குப் பின் ஒரு ரஷ்யக் கழகம் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையில் பெற்ற குறிப்பிடத்தக்க முதல் வெற்றி இதுவாகும்.

2001, 2002 ஆகிய ஆண்டுகளில் ரஷ்ய வாகைப் பட்டம் பெர்ம் நகரின் யூரல் கிரேட் கழகத்திற்குச் சென்றது. சி.எஸ்.கே.ஏ.வின் நீண்ட தொடர்ச்சியை முறித்த அக்கழகத்தின் பயிற்சியாளர் வேறு யாருமல்லர், சி.எஸ்.கே.ஏ.வின் மிகச் சிறந்த வீரராகப் போற்றப்படும் செர்கேய் பெலோவே ஆவார். பெர்ம் கழகத்தைக் கட்டியெழுப்பிய நிருவாகி செர்கேய் குஷ்சென்கோவை 2002இல் சி.எஸ்.கே.ஏ. தன் தலைமைப் பொறுப்பிற்கு அழைத்துக்கொண்டது. நோரில்ஸ்க் நிக்கல் என்னும் சுரங்க நிறுவனத்தின் நிதி ஆதரவும் கிடைத்தது. இதன் பின் கழகம் ஐரோப்பாவின் செல்வ வளம் மிக்க கழகங்களுள் ஒன்றானது. 2003 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும் ரஷ்ய வாகைப் பட்டத்தை அதுவே வென்றது.

யூரோலீக் காலம்

இவ்கோவிச், மெஸ்ஸினா (2002–2009)

செர்பியரான துஷான் இவ்கோவிச் 2002இல் பயிற்சியாளர் ஆனார். அவரது மூன்று பருவங்களிலும் அணி இறுதி நான்கை எட்டியது. ஆயினும் கோப்பை கிடைக்கவில்லை. 2005இன் இறுதி நான்கு சுற்று மாஸ்கோவிலேயே நடைபெற்றது. அப்பருவத்தில் மிகச் சில ஆட்டங்களையே இழந்திருந்த சி.எஸ்.கே.ஏ., சொந்த ஊரில் அரையிறுதியில் ஸ்பெயினின் தௌ செராமிக்கா கழகத்திடம் தோற்றது. அத்துடன் இவ்கோவிச்சின் காலம் முடிந்தது.

அவருக்குப் பின் வந்த இத்தாலியர் எத்தோரே மெஸ்ஸினா முதல் பருவத்திலேயே கோப்பையைப் பெற்றுத் தந்தார். ஏப்ரல் 30, 2006 அன்று பிராகா நகரில் நடந்த இறுதிப்போட்டியில், முந்தைய இரண்டு ஆண்டுகளின் வாகையாளரான இசுரேலின் மக்காபி டெல் அவீவ் கழகத்தை சி.எஸ்.கே.ஏ. 73–69 என வென்றது. 1971க்குப் பின் கழகம் பெற்ற முதல் ஐரோப்பியக் கோப்பை இதுவாகும். முந்தைய ஆகஸ்டில் காலமான கோமெல்ஸ்கி இவ்வெற்றியைக் காண உயிருடன் இல்லை.

2007இல் ஏதென்ஸ் நகரில், தன் சொந்த அரங்கில் ஆடிய பனதினைகோஸ் கழகத்திடம் 93–91 எனத் தோற்றது. 2008இல் மாட்ரிட்டில் மக்காபியை 91–77 என வென்று ஆறாவது கோப்பையைப் பெற்றது. 2009இல் பெர்லினில் மீண்டும் பனதினைகோஸ் எதிரணியானது. முதற்பாதியில் 20 புள்ளிகள் பின்தங்கிய சி.எஸ்.கே.ஏ. இரண்டாம் பாதியில் வேறுபாட்டை ஏறத்தாழ முழுமையாக ஈடுசெய்தது. ஆயினும் கடைசி எறிதல் தவறியதால் 73–71 எனத் தோற்றது.

2012 இஸ்தான்புல் இறுதிப்போட்டி

2011–12 பருவத்தில் கிரிலென்கோ, தெயொடோசிச் ஆகியோரைக் கொண்ட சி.எஸ்.கே.ஏ. அணியே வெல்லும் எனப் பரவலாக எதிர்பார்க்கப்பட்டது. இஸ்தான்புல்லில் நடந்த இறுதிப்போட்டியில் ஒலிம்பியாகோஸ் அணியை விட 19 புள்ளிகள் முன்னிலையும் பெற்றது. ஆனால் கடைசிக் கட்டத்தில் அம்முன்னிலை கரைந்தது. ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தபோது ராமுனாஸ் ஷிஷ்காவுஸ்காஸ் இரண்டு தனி எறிதல்களைத் தவறவிட்டார். ஒரு வினாடிக்கும் குறைவான நேரம் எஞ்சியிருக்கையில் ஜியார்ஜியோஸ் பிரின்டேசிஸ் எடுத்த புள்ளியால் ஒலிம்பியாகோஸ் 62–61 என வென்றது. வென்ற அணியின் பயிற்சியாளர், 2005இல் சி.எஸ்.கே.ஏ.வை விட்டு நீங்கிய இவ்கோவிச்சே ஆவார்.

இட்டூதிசின் காலம் (2014–2022)

2014இல் கிரேக்கரான திமித்ரிஸ் இட்டூதிஸ் பயிற்சியாளர் ஆனார். இவர் பனதினைகோஸ் கழகத்தில் ஜெல்கோ ஒப்ராதோவிச்சின் துணைப் பயிற்சியாளராக நெடுங்காலம் பணியாற்றியவர். 2016 பெர்லின் இறுதிப்போட்டியில் ஆசானும் மாணவரும் எதிரெதிரே நின்றனர். ஒப்ராதோவிச்சின் பெனர்பாச்சே அணியை விட 20 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்த சி.எஸ்.கே.ஏ., ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இரண்டு புள்ளிகள் பின்தங்கியது. இஸ்தான்புல் நிகழ்வு மீண்டும் நேரும் என்ற நிலையில், தவறிய எறிதலின் பந்தைக் கூடைக்குள் தட்டி விக்டர் க்ரியாபா ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சி.எஸ்.கே.ஏ. 101–96 என வென்றது. க்ரியாபா 2012 இறுதிப்போட்டியில் தோற்ற அணியிலும் ஆடியவர்.

2019இல் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் நடந்த இறுதிப்போட்டியில் துருக்கியின் அனடோலு எஃபெஸ் கழகத்தை 91–83 என வென்று எட்டாவது கோப்பையைப் பெற்றது. 2003 முதல் 2010 வரை தொடர்ந்து எட்டு முறையும், 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு முறையும் இக்கழகம் இறுதி நான்கு சுற்றில் ஆடியுள்ளது.

2022க்குப் பின்

பிப்ரவரி 2022 இறுதியில், உக்ரைன் மீதான படையெடுப்பைத் தொடர்ந்து, சி.எஸ்.கே.ஏ., செனித் சென் பீட்டர்ஸ்பர்க், யூனிக்ஸ் கசான் ஆகிய மூன்று ரஷ்யக் கழகங்களையும் யூரோலீக் இடைநிறுத்தியது. மார்ச்சில் அப்பருவத்தில் அவை ஆடிய ஆட்டங்களின் முடிவுகள் நீக்கப்பட்டன. தோர்னிக்கே ஷெங்கேலியா, டேனியல் ஹாக்கெட் முதலிய வெளிநாட்டு வீரர்கள் பலர் பருவத்தின் இடையிலேயே வெளியேறினர். அவ்வாண்டின் வி.டி.பி. ஐக்கிய லீக் இறுதிச் சுற்றில் செனித் கழகம் சி.எஸ்.கே.ஏ.வை வென்றது. கோடையில் இட்டூதிசும் விடைபெற்றார். 2023ஆம் ஆண்டின் பட்டம் யூனிக்ஸ் கசானுக்குச் சென்றது. 2024இல், கிரேக்கரான ஆந்திரேயாஸ் பிஸ்தியோலிசின் பயிற்சியில், சி.எஸ்.கே.ஏ. அப்பட்டத்தை மீட்டது.

அரங்கம்

கழகத்தின் நெடுங்காலத் தாயக அரங்கம் மாஸ்கோவின் லெனின்கிராத்ஸ்கி நெடுஞ்சாலைப் பகுதியில் அமைந்துள்ள சி.எஸ்.கே.ஏ. பொது விளையாட்டு அரங்கம் ஆகும். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கையொட்டிக் கட்டப்பட்ட இவ்வரங்கம் ஏறத்தாழ 5,000 பார்வையாளர்களைக் கொள்ளக்கூடியது. தற்போது இது அலெக்சாண்டர் கோமெல்ஸ்கியின் பெயரைத் தாங்கியுள்ளது. கூடுதல் பார்வையாளர்கள் வரும் பெரிய ஆட்டங்கள் அருகிலுள்ள மெகாஸ்போர்ட் அரங்கில் நடத்தப்பட்டுள்ளன.

புகழ்பெற்ற வீரர்கள்

செர்கேய் பெலோவ்

செர்கேய் பெலோவ் (ஜனவரி 23, 1944 – அக்டோபர் 3, 2013) சைபீரியாவின் தோம்ஸ்க் பகுதியில் பிறந்தார். புள்ளிபெற்ற பின்காவல் நிலையில் ஆடிய இவர், 1968 முதல் 1980 வரை சி.எஸ்.கே.ஏ.வில் இருந்து 11 சோவியத் பட்டங்களையும் இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் வென்றார். 1968 முதல் 1980 வரை நான்கு ஒலிம்பிக் போட்டிகளில் ஒரு தங்கமும் மூன்று வெண்கலமும் பெற்றார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கின் தீபத்தை ஏற்றியவர் இவரே. 1992இல் ஐக்கிய அமெரிக்காவின் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழவையில் சேர்க்கப்பட்டார். அமெரிக்கர் அல்லாத வீரர் ஒருவர் அங்கு இடம்பெற்றது அதுவே முதன்முறை.

விளாடிமிர் த்கச்சென்கோ

2.20 மீட்டர் உயரம் கொண்ட நடு நிலை ஆட்டக்காரர். கீவ் நகரின் ஸ்த்ரோய்தெல் கழகத்தில் வளர்ந்து, 1980களில் சி.எஸ்.கே.ஏ.விற்கு வந்தார். சபோனிசுடன் கூடையடியில் இவர் நடத்திய மோதல்கள் சோவியத் கூடைப்பந்தின் நினைவில் நிற்கும் காட்சிகள் ஆகும்.

ஆந்திரேய் கிரிலென்கோ

பிப்ரவரி 18, 1981 அன்று இஷெவ்ஸ்க் நகரில் பிறந்தார். 1998இல் சென் பீட்டர்ஸ்பர்க்கின் ஸ்பார்ட்டாக் கழகத்திலிருந்து சி.எஸ்.கே.ஏ.விற்கு வந்தார். 1999 என்.பி.ஏ. வீரர் தேர்வில் யூட்டா ஜாஸ் அணி இவரை 24ஆவதாகத் தேர்ந்தெடுத்தது. 2001இல் அமெரிக்கா சென்ற இவர், 2011இல் மாஸ்கோவிற்குத் திரும்பி, 2011–12 பருவத்தின் சிறந்த யூரோலீக் வீரர் விருதைப் பெற்றார். 2015இல் ரஷ்யக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார்.

தியோடோரஸ் பப்பலூக்காஸ்

கிரேக்கத்தைச் சேர்ந்த பந்துகையாளி பின்காவல். 2002 முதல் 2008 வரை ஆடினார். பெரும்பாலும் ஆட்டத்தின் தொடக்கத்தில் இருக்கையில் அமர்ந்திருந்து, பின்னர் களமிறங்கி ஆட்டத்தின் போக்கை மாற்றுபவராக அறியப்பட்டார். 2006 இறுதி நான்கின் சிறந்த வீரராகவும், 2006–07 பருவத்தின் சிறந்த வீரராகவும் தேர்வானார்.

ஜே. ஆர். ஹோல்டன்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவைச் சேர்ந்த பந்துகையாளி பின்காவல். 2002 முதல் 2011 வரை ஆடினார். ரஷ்யக் குடியுரிமை பெற்ற இவர், 2007 ஐரோப்பிய வாகையாளர் போட்டியின் இறுதியில், மாட்ரிட்டில், ஸ்பெயினுக்கு எதிராக ரஷ்யாவின் வெற்றிப் புள்ளிகளை எடுத்தார். அவ்வாட்டம் 60–59 என முடிந்தது.

நாண்டோ தெ கோலோ

பிரான்சைச் சேர்ந்த பின்காவல். 2014 முதல் 2019 வரை ஆடினார். 2015–16 பருவத்தின் சிறந்த வீரர், இறுதி நான்கின் சிறந்த வீரர் ஆகிய இரு விருதுகளையும் ஒருசேரப் பெற்றார்.

கைல் ஹைன்ஸ்

நடு நிலை ஆட்டக்காரருக்குக் குறைவான உயரமாகிய 1.98 மீட்டரே கொண்டிருந்தும், தடுப்பாட்டத்தில் ஐரோப்பாவின் தலைசிறந்தவராக மதிக்கப்பட்ட அமெரிக்கர். 2012இல் சி.எஸ்.கே.ஏ.வைத் தோற்கடித்த ஒலிம்பியாகோஸ் அணியில் ஆடியவர். 2013 முதல் 2020 வரை சி.எஸ்.கே.ஏ.வில் ஆடி 2016, 2019 கோப்பைகளை வென்றார்.

பிற வீரர்கள்

* விக்டர் சூப்கொவ், கென்னாதி வோல்னொவ் – 1960களின் ஐரோப்பியக் கோப்பைகளை வென்றவர்கள்
* அனத்தோலி மீஷ்கின், செர்கேய் தரக்கானொவ் – 1970, 1980களின் முன்நிலை ஆட்டக்காரர்கள்
* டிராஜன் லாங்டன் – அலாஸ்காவில் வளர்ந்த அமெரிக்கர். 2008 இறுதி நான்கின் சிறந்த வீரர்
* மத்யாஷ் ஸ்மோடிஷ் (சுலோவீனியா), டேவிட் ஆண்டர்சன் (ஆஸ்திரேலியா) – 2006, 2008 கோப்பைகளை வென்றவர்கள்
* மிலோஷ் தெயொடோசிச் – செர்பியப் பந்துகையாளி பின்காவல். 2011 முதல் 2017 வரை ஆடினார்
* வில் கிளைபர்ன் – 2019 இறுதி நான்கின் சிறந்த வீரர்

அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி

அலெக்சாண்டர் கோமெல்ஸ்கி (ஜனவரி 18, 1928 – ஆகஸ்ட் 16, 2005) குரோன்ஸ்தாத் நகரில் பிறந்தார். ஏ.எஸ்.கே. ரீகா அணியுடன் மூன்று ஐரோப்பியக் கோப்பைகளும், சி.எஸ்.கே.ஏ.வுடன் ஒன்றும் வென்றார். 1970களிலும், பின்னர் 1980களின் பிற்பகுதியிலும் சி.எஸ்.கே.ஏ.வின் பயிற்சியாளராக இருந்தார். தம் இறுதிக் காலத்தில் கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1995இல் நெய்ஸ்மித் புகழவையில் சேர்க்கப்பட்டார். யூரோலீக் வழங்கும் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது இவரது பெயரால் வழங்கப்படுகிறது.

பட்டங்கள்

* ஐரோப்பிய வாகையாளர் கோப்பை / யூரோலீக் (8): 1961, 1963, 1969, 1971, 2006, 2008, 2016, 2019
* ஐரோப்பிய இறுதிப்போட்டியில் தோல்வி (6): 1965, 1970, 1973, 2007, 2009, 2012
* சோவியத் ஒன்றிய வாகைப் பட்டம் (24): 1945, 1960, 1961, 1962, 1964, 1965, 1966, 1969, 1970, 1971, 1972, 1973, 1974, 1976, 1977, 1978, 1979, 1980, 1981, 1982, 1983, 1984, 1988, 1990
* ரஷ்ய வாகைப் பட்டம்: 1992 முதல் 2000 வரை, 2003 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும், அதன் பின்னர் 2021, 2024
* வி.டி.பி. ஐக்கிய லீக்: 2010, 2012 முதல் 2019 வரை ஒவ்வோர் ஆண்டும், 2021, 2024

இவற்றையும் பார்க்க

* கூடைப்பந்தாட்டம்
* யூரோலீக்
* ஜல்கிரிஸ் கவுனஸ்
* ரியால் மாட்ரிட் (கூடைப்பந்து)
* 1972 கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகள்